குழந்தைகளின் தோழி மாண்டிசோரி அம்மையார்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

இவ்வுலகில் பிறந்து மறைந்தவர்கள் கோடானுகோடிப் பேர். அவர்களுள் பிறருக்காக வாழ்ந்தவர்களையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நாட்டுக்காக வாழ்ந்தவர்களுக்கு நாம் சிலை வைக்கிறோம். ஏழைகளுக்காக வாழ்ந்தவர்களைப் புனிதர் என்று போற்றுகிறோம். ஆனால் பேசத் தெரியாத, தன் குறையை எடுத்துச் சொல்லத் தெரியாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக வாழ்நாள் முழுவதையும் அளித்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுள் தலையாயவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இந்த அம்மையாரைப் பற்றி எழுத நான் விரும்பியதற்குக் காரணம் என் தம்பி. அவன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரமாட்டான். எழுதத் தொடங்கிய வரியை முடிக்கமாட்டான். அவனுடைய குறிப்பேட்டில் வாரம் ஒருமுறையாவது கவனமில்லை என்று சிவப்பு மையில் எழுதி வரும். 2020ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கு வந்தபோது அவனுக்கு வயது மூன்று. வெளியே போக வழியில்லை, விளையாடத் துணையில்லை. அப்பாவுக்கு வேலை இல்லாத கவலை; அம்மாவுக்கு வீட்டைக் காக்கும் கவலை. தம்பி அழாமலிருக்கக் கைப்பேசியைக் கையில் கொடுத்து உட்கார வைத்தோம். இப்போது அவன் உட்காரவில்லை என்று அடிக்கிறோம். அடியாத மாடு படியாது என்பது எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி. நானும் அவனைப் பலமுறை கிள்ளியிருக்கிறேன். இந்நிலையில் நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி எனக்கு எடுத்துக் கொடுத்த நூலே மாண்டிசோரி அம்மையாரின் வரலாறு. படித்து முடித்தபின் நான் அறிந்ததை என் தோழியருடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பிறப்பும் கல்வியும்

இத்தாலி நாட்டில் அங்கோனா மாநிலத்தைச் சேர்ந்த சியரவாலே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெசாந்திரோ மாண்டிசோரி அரசாங்க அலுவலர், பழைமையில் பற்றுடையவர். தாய் ரெனில்தே நூல்கள் பல கற்றவர். அக்காலத்தில் ஒரு பெண் அவ்வளவு படிப்பது அரிது. மரியா அவர்களுக்கு ஒரே மகள். 1875ஆம் ஆண்டில் குடும்பம் ரோமாபுரிக்குக் குடியேறியது.

பெண்கள் ஆசிரியைத் தொழிலுக்குப் படித்தால் போதும் என்று எண்ணிய காலம் அது. மரியாவோ பதின்மூன்றாம் வயதில் ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழிற்கல்விப் பள்ளியில் சேர்ந்தார். கணிதத்தில் சிறந்து விளங்கினார். பொறியியல் படிக்க விரும்பியவர், பின்னர் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். தந்தைக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. தாயோ மகளின் பக்கம் நின்றார். ஒரு தாயின் நம்பிக்கை மகளை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு இது சான்றாகும்.

மருத்துவக் கல்லூரியில் மரியா அனுபவித்த இன்னல்கள் பல. ஆண்களோடு சேர்ந்து நின்று பிணத்தை அறுத்துப் படிப்பது ஒரு பெண்ணுக்குத் தகாது என்று கருதினார்கள். ஆகையால் மற்ற மாணவர்கள் சென்றபின், தன்னந்தனியாகப் பிணங்களின் நடுவே நின்று அப்பாடத்தைக் கற்றார். இவ்வளவையும் தாங்கி, 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய மகளிர் மாநாட்டில் கலந்துகொண்டு, ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று பேசினார்.

ரொட்டித் துணுக்குகள்

பட்டம் பெற்றபின் மரியா ரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணிக்காக மனநோயாளர் விடுதிகளுக்குச் சென்று வருவார். அங்கே பெரியவர்களோடு குழந்தைகளும் அடைபட்டிருந்தனர். அறிவு குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட அப்பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை, பாடம் இல்லை, விளையாட ஒரு பொருளும் இல்லை.

ஒருநாள், உணவு முடிந்ததும் அப்பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதை மரியா கண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். விடுதிப் பணிப்பெண் அதைப் பெருந்தீனி ஆசை என்று வெறுத்தார். மரியாவின் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. அந்த வெற்று அறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறு எதுவுமே இல்லை. அப்பிள்ளைகளின் வயிறு பசிக்கவில்லை. கைகளும் மனமும் பசித்திருந்தன.

இந்த ஒரு காட்சி அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். இத்தார் என்பவர் காட்டில் கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குக் கல்வி புகட்ட முயன்றவர். அவருடைய மாணவராகிய செகேன், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பொருள்களைக் கொண்டு பாடம் கற்பித்தவர். 1900ஆம் ஆண்டில் இத்தகைய பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி ரோமையில் தொடங்கப்பட்டபோது, மரியா அதன் இயக்குநர்களுள் ஒருவரானார். காலை முதல் மாலை வரை அப்பிள்ளைகளோடு இருந்தார். ஒன்றுக்கும் உதவார் என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலும் தேறினார்கள். எல்லாரும் அவரைப் புகழ்ந்தனர். அவரோ வேறொரு கேள்வியில் ஆழ்ந்தார். குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு செய்வார்களானால், நல்ல நிலையிலுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே வைத்திருக்கின்றன என்பதே அக்கேள்வி.

ஒரு தாயின் துயரம்

இங்கே ஒரு துன்பமான செய்தியையும் சொல்ல வேண்டும். 1898ஆம் ஆண்டில் மரியாவுக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். அவர் மணமாகாதவர். அந்நாளைய சமுதாயத்தில் இச்செய்தி வெளிப்பட்டிருந்தால் அவருடைய பணி அன்றோடு முடிந்திருக்கும். ஆகவே குழந்தை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளரும்படி விடப்பட்டது. மரியா அவ்வப்போது சென்று பார்ப்பார். தாம் யார் என்று சொல்லமாட்டார். 1912ஆம் ஆண்டில் அவருடைய தாயார் காலமானார். அதன் பிறகே மரியோ தாயிடம் வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து.

பதினைந்து வயது என்பது என் வயது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் மடியில் வைத்துக் கற்பித்த ஒருவர், தம் பிள்ளையின் பதினைந்து ஆண்டுகளை இழந்தார் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அவரைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. குழந்தையின் அருமையை அவர் நூலில் படித்து மட்டும் அறியவில்லை, இழந்தும் அறிந்தார் என்பதற்காகவே எழுதுகிறேன். அம்மகன் பின்னாளில் தாயை விட்டுப் பிரியாமல், அவருடைய பணிக்கு வலக்கரமாய் விளங்கினார்.

குழந்தைகள் இல்லம்

ரோமையில் சான் லொரன்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. தாய் தந்தையர் விடியற்காலையில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடி, சுவர்களில் கிறுக்கி, கட்டடத்தைப் பாழாக்கினர். சுவரைக் காப்பாற்ற வேண்டுமே என்ற எண்ணத்தால்தான் அந்நிறுவனத்தார் அப்பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துவைத்து, மேற்பார்வைக்கு மாண்டிசோரி அம்மையாரை அழைத்தனர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூவிராசாக்கள் திருநாளன்று, அந்த அறை திறக்கப்பட்டது. அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள் வந்தனர். முதல் நாள் பலர் அழுதனர். பலர் மிரண்டு நின்றனர்.

அம்மையார் முதலில் அறையை மாற்றினார். குழந்தைகள் தாமே தூக்கக்கூடிய சிறு நாற்காலிகள், சிறு மேசைகள், கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி ஆகியவற்றைச் செய்வித்தார். தாம் உருவாக்கிய கற்றல் பொருள்களை அவற்றில் வைத்தார். பிறகு அமைதியாக உட்கார்ந்து, பிள்ளைகளைக் கவனித்தார். மற்ற ஆசிரியர்கள் பிள்ளைகள் தம்மைக் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்த்த காலத்தில், இவர் பிள்ளைகளைத் தாம் கவனித்தார். அவருடைய முறை முழுவதும் இதிலிருந்தே பிறந்தது.

பெற்றோருக்கும் விதிகள் இருந்தன. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூய உடையுடன் அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாய் வந்து ஆசிரியையிடம் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். பள்ளி அவர்கள் குடியிருந்த கட்டடத்திலேயே இருந்ததால், வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் தாய்மார் எட்டிப் பார்க்கலாம். நாளடைவில் பிள்ளைகளைப் பார்த்து வீடுகளும் தூய்மையடைந்தன. சன்னல்களில் பூந்தொட்டிகள் தோன்றின.

நாற்பது முறைக்கு மேல்

அந்த இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அம்மையார் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் உருளையும் ஒவ்வோர் அளவு. அதனதன் குழியில்தான் பொருந்தும். எல்லாவற்றையும் பொருத்தியபின் மீண்டும் எடுத்துக் கலைத்துவிட்டு, மறுபடி தொடங்குவாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றி நின்று பாடச் சொன்னார். சிறுமி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசையின்மேல் வைத்தார். சிறுமி கட்டையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, மேலே அமர்ந்தபடியே வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், யாரும் சொல்லாமலே நிறுத்தினாள். உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள். களைப்பு சிறிதும் இல்லை.

சிறு குழந்தைகளின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்பதே அன்றுவரை அறிஞர்கள் கருத்து. அம்மையாரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். அன்று தம் கண்ணால் கண்டபின் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். கவனம் என்பது வெளியிலிருந்து அடித்துப் புகுத்தும் பொருளன்று. குழந்தைக்குள்ளேயே விதைபோல் இருக்கிறது. ஏற்ற வேலையும் இடையூறற்ற நேரமும் கிடைத்தால் தானே முளைக்கிறது என்று கண்டார். அவ்வாறு ஆழ்ந்து வேலை செய்த பிள்ளைகள் பிறகு அமைதியுடையோராகவும், அன்புடையோராகவும், கீழ்ப்படிவோராகவும் மாறினர். அடியால் வராத ஒழுக்கம் வேலையால் வந்தது.

மற்றொரு நாள், நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றை அதன் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். அது எவ்வளவு அசையாமல், எவ்வளவு மெல்ல மூச்சு விடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார். பிள்ளைகளும் அசையாமல் அமர்ந்து மூச்சை மெதுவாக்கினர். அறை முழுவதும் நிசப்தம் நிலவியது. அன்றுமுதல் அது மௌனப் பாடமாயிற்று. வாயை மூடு என்று அதட்டிப் பெறும் அமைதி வேறு. தாமே விரும்பிக் காக்கும் அமைதி வேறு.

பரிசும் தண்டனையும் அந்த இல்லத்தில் பயனற்றுப் போயின. அழகிய பதக்கத்தைக் கொடுத்தாலும், பிள்ளைகள் அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினர். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பழகிய நான்கைந்து வயதுப் பிள்ளைகள், ஒருநாள் தாமாகவே தரையிலும் சுவரிலும் சொற்களை எழுதி ஆரவாரம் செய்தனர். செய்தி உலகெங்கும் பரவியது.

நிலநடுக்கத்தில் தப்பிய பிள்ளைகள்

1908ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று, விடியற்காலையில் சிசிலித் தீவிலுள்ள மெசீனா நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளில் சுமார் அறுபது பேர் ரோமைக்குக் கொண்டுவரப்பட்டனர். மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியரின் மடத்தில் அவர்களுக்கு அடைக்கலம் கிடைத்தது. இந்தச் சபையின் தொடக்கம் நம் உதகமண்டலத்தில் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

அப்பிள்ளைகளின் நிலை காண்போர் நெஞ்சை உருக்கியது. பெயர் என்ன, பெற்றோர் யார் என்று கூடச் சொல்ல முடியவில்லை. உணவு இறங்கவில்லை. இரவில் உறக்கமின்றி அலறினர். பகலில் பேச்சின்றி ஒதுங்கிக் கிடந்தனர். இத்தகைய பிள்ளைகளிடம் கவனமாகப் படி என்று சொல்வதால் பயன் உண்டோ?

அம்மையாரும் கன்னியர்களும் பாடத்தில் தொடங்கவில்லை. வண்ணம் பூசிய சிறு நாற்காலிகளும், தாழ்வான வட்ட மேசைகளும், பூச்சாடிகளும், திரைச்சீலைகளும் கொண்டு அறைகளை அழகுபடுத்தினர். மேசையில் விரிப்பு விரிப்பது, தட்டுகளை உடையாமல் எடுத்து வைப்பது, பிறருக்குப் பரிமாறுவது, கதவை ஓசையின்றிச் சாத்துவது ஆகியவற்றை நிதானமாகச் செய்து காட்டினர். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பழகினர். கைக்கு வேலை வந்ததும் மனத்துக்கு ஓய்வு வந்தது. பசி திரும்பியது, உறக்கம் திரும்பியது. சில காலத்துக்குப்பின் அப்பிள்ளைகள் தோட்டத்துக்கு நாற்காலிகளைத் தூக்கிச் சென்று, மரத்தடியில் போட்டு, ஓடியாடிச் சிரித்தனர்.

கலங்கிய காலத்தில் குழந்தைக்கு வேண்டுவது அதட்டல் அன்று. ஒழுங்கான நாளும், அழகான இடமும், பதறாத பெரியவர் ஒருவரும்தான். இதை அந்த மடத்தில் உலகம் கற்றது. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டபின், போரால் மனம் நொந்த குழந்தைகளுக்கு உதவ, செஞ்சிலுவையைப் போல வெண்சிலுவை என்றோர் அமைப்பு வேண்டும் என்று அம்மையார் 1917ஆம் ஆண்டில் வேண்டினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை.

புகழும் சோதனையும்

1909ஆம் ஆண்டில் அம்மையாரின் முதல் கல்வி நூல் வெளிவந்தது. விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர்களால் ஆன வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. வெளியே கூட்டம் நின்று பார்த்தபோதும் உள்ளிருந்த பிள்ளைகள் தம் வேலையில் ஆழ்ந்திருந்தனர். பின்னர் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் பல ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே குழந்தைகளுக்கென்றே சிற்றாலயம் ஒன்றை அமைத்தார். நற்கருணைக்குரிய அப்பத்துக்கும் இரசத்துக்கும் பிள்ளைகளே கோதுமையும் திராட்சையும் பயிரிட்டனர். 1931ஆம் ஆண்டில் காந்தியடிகள் லண்டனில் அம்மையாரைச் சந்தித்தார்.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி தொடக்கத்தில் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தார். அவ்வாதரவை அம்மையார் ஏற்றுக்கொண்டார். ஆனால் தாமே சிந்திக்கும் பிள்ளைகளைச் சர்வாதிகாரி விரும்புவாரா? இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1934ஆம் ஆண்டில் அம்மையார் தாய்நாட்டை விட்டு நீங்கினார். அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் இட்லரின் ஆட்சியும் அவற்றை மூடியது. 1936ஆம் ஆண்டில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அங்கிருந்தும் வெளியேறி, ஆலந்து நாட்டில் தங்கினார்.

அடையாற்றிலும் கொடைக்கானலிலும்

1939ஆம் ஆண்டில், தம் 69ஆம் வயதில், அம்மையார் நம் நாட்டுக்கு வந்தார். சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும், அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அவரை அழைத்திருந்தனர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்தனர். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. அம்மையார் இத்தாலி மொழியில் பேசுவார். மகன் மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார்.

சில மாதங்களே தங்கும் எண்ணத்துடன் வந்தவருக்குப் போர் தடையாயிற்று. 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. ஆங்கில அரசாங்கம் இத்தாலியர்களைப் பகைவர்களாகக் கருதி, மரியோவை அகமது நகர்ச் சிறைமுகாமில் அடைத்தது. முதியவரான அம்மையார் அடையாற்றை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். பேரப்பிள்ளைகள் நால்வரோ ஜெர்மானியர் கைப்பற்றிய ஆலந்தில் இருந்தனர். மகன் ஒரு திசை, பேரர் ஒரு திசை, தாம் ஒரு திசை என்று தவித்த அம்மையார், வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அந்நாளின் பரிசாக மகனை விடுதலை செய்வதாக வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. அதில் மரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. மகன் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் நெடுங்காலம் உறவினர் என்றே சொல்லி வந்த தாய்க்கு, பகையரசு அனுப்பிய தந்தியே அந்தப் பெயரைக் கொடுத்தது.

பின்னர் அவர்கள் கொடைக்கானல் மலையில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கினர். போரால் அங்கு வந்து தங்கிய பல நாட்டுப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்தனர். பெரியவரும் சிறியவருமாய்ப் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்றனர். மலையும் ஏரியும் பூச்சியும் பூவும் பாடப்புத்தகமாயின. கடவுள் படைத்த இப்பேரண்டத்தில் ஒவ்வோர் உயிரும் மற்றோர் உயிரைச் சார்ந்து நிற்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் அவருடைய கல்வித் திட்டம் நம் மலையில்தான் வளர்ந்தது. நம் நாட்டுத் தாய்மார் செல்லுமிடமெல்லாம் குழந்தையை உடன் சுமந்து செல்வதையும், அக்குழந்தை உலகத்தை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பதையும் அம்மையார் கண்டு வியந்தார். 1944ஆம் ஆண்டில் இலங்கைக்கும் சென்று பயிற்சியளித்தார். 1946ஆம் ஆண்டில் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் 1947ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்று 1949ஆம் ஆண்டில் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது.

மறைவு

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அம்மையாரின் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஆலந்து நாட்டின் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், 81ஆம் வயதில் ஆண்டவரின் திருவடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரை விரட்டிய இத்தாலி நாடே பின்னர் 1990ஆம் ஆண்டில் தன் 1000 லைர் நோட்டில் அவருடைய படத்தை அச்சிட்டது.

நாம் கற்க வேண்டியவை

அம்மையார் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கூறிய அறிவுரைகள் பல. குழந்தையைத் திருத்தப் புகுமுன் நம்மிடமுள்ள சினத்தையும் செருக்கையும் திருத்திக்கொள்ள வேண்டும். குழந்தை தானே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுக்கக் கூடாது. நல்ல வேலையில் ஆழ்ந்திருக்கும் குழந்தையைப் புகழ்வதற்காகக்கூட இடைமறிக்கக் கூடாது. இவை சொல்ல எளியவை, செய்ய அரியவை. வேலையும் கடனும் நோயும் வருத்தும் வீட்டில் பெரியவர்களுக்குப் பொறுமை எங்கிருந்து வரும் என்று நாம் கேட்கலாம். சான் லொரன்சோவின் தாய்மாரும் நாள் முழுதும் உழைத்த ஏழைகளே. மெசீனாப் பிள்ளைகளைத் தேற்றிய கன்னியர்களிடமும் மாயமருந்து இல்லை. பதறாமல் அருகில் இருந்தார்கள், அவ்வளவே.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன். கவனக் குறைபாடு என்பது சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மூளையின் அமைப்பால் வருவது என்று இன்றைய மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். அது பிள்ளையின் குற்றமும் அன்று; பெற்றோரின் குற்றமும் அன்று. அத்தகைய பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவதே முறை. மாண்டிசோரி அம்மையாரும் முதலில் மருத்துவரே. ஆனால் எந்தப் பிள்ளைக்கும் அடி மருந்தாகாது என்பது உறுதி.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தம்பி பின்கட்டில் அமர்ந்து அம்மாவின் தையல் பெட்டியைக் கொட்டி வைத்திருந்தான். பொத்தான்களை நிறம் பார்த்து, அளவு பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டுப்பாடம் எழுத அவனை அழைத்துவர அம்மா என்னை அனுப்பியிருந்தார். கூப்பிட வாயெடுத்தவள் அந்த உருளைச் சிறுமியை நினைத்து நிறுத்திக்கொண்டேன். கதவோரத்தில் நின்று பார்த்தேன். அடுக்கினான், கலைத்தான், மீண்டும் அடுக்கினான். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அம்மாவும் வந்து என்னருகில் நின்றார். இருவரும் பேசவில்லை. ஐந்து நிமிடம் உட்காராத பிள்ளை என்று நாங்கள் சொல்லி வந்தவன், நாங்கள் நிற்பதையே அறியாமல் இருந்தான்.

மறுவாரமும் குறிப்பேட்டில் சிவப்பு மை வரத்தான் செய்தது. ஆனால் அன்று அப்பா அடிக்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கைப்பேசியை அலமாரியின் மேல் வைத்துவிட்டு, ஒரு பக்கம் எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருந்தார். நானும் அவனைக் கிள்ளுவதை விட்டுவிட்டேன்.

அன்புத் தோழியரே, நாம் நாளைய ஆசிரியைகள், நாளைய தாய்மார்கள், இன்றே பலருக்கு அக்காமார்கள். நம் வீட்டுச் சிறு பிள்ளை நம்மைக் கவனிக்கவில்லை என்று குறைகூறுமுன், நாம் அப்பிள்ளையை ஒருநாளாவது கவனித்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு பணித்த நம் ஆண்டவர் அதற்குரிய பொறுமையை நமக்கு அருள்வாராக.

வாழ்க மாண்டிசோரி அம்மையாரின் புகழ்!